தோட்டக்குடையும் அதன் உறையும்

வெயிலிலும் மழையிலும் நம்மைக் காப்பது குடை. அக்குடையைக் காப்பது யாது என்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. கைக்குடையாயின், வீடு வந்து சேர்ந்ததும் உதறி ஒரு மூலையில் சாத்திவிடுகிறோம். தோட்டத்திலும் புல்வெளியிலும் விடுதி முற்றத்திலும் ஊன்றிவைக்கும் பெரிய குடைக்கு அத்தகைய ஓய்வு வாய்ப்பதில்லை. அதன் நிழலில் ஆள் அமர்ந்திருப்பது நாளில் இரண்டு மணி நேரமாக இருக்கலாம். குடை வெளியில் நிற்பதோ 24 மணி நேரம். மடக்கிக் கட்டிவிட்டால் அது பத்திரமாக இருக்கிறது என்று கருதிவிடுகிறோம். உண்மையில், விரித்த குடை படும் சேதத்தினும் மடக்கிய குடை படும் சேதமே பெரும்பாலும் மிகுதி. அச்சேதத்தைத் தடுக்கும் பொருட்டு ஏற்பட்டதே உறை. ஆனால் தவறான துணியில் தைத்த உறையும், தவறான வேளையில் மாட்டிய உறையும், உறையில்லாமல் விடுவதைக் காட்டிலும் விரைவாகக் குடையை அழித்துவிடும் என்பதை நமது அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது நலம்.

தோட்டக்குடைக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருவகையில் உண்டு. வாரச் சந்தையிலும் சாலையோரத்திலும் காய்கறியும் பூவும் விற்கும் விவசாயக் குடும்பத்தினர் ஊன்றும் கடைக்குடை, அமைப்பில் தோட்டக்குடையேயாகும். சங்கங்கள் திறந்தவெளியில் நடத்தும் விற்பனைக் கண்காட்சிகளிலும் இக்குடைகளே நிற்கின்றன. இது ஒன்று. மற்றொன்று, உறை என்பது துணியாலாகும் பண்டம். மேசை விரிப்பு, சமையலறைத் துணி, திரைச்சீலை முதலியவற்றைக் கரூர் வட்டாரம் அயல்நாடுகளுக்கு அனுப்பி வருவது யாவரும் அறிந்ததே. அவற்றை வாங்கி விற்கும் கடைகள் தோட்டச் சாமான்களையும் விற்கின்றன. ஆகவே, குடை உறை தைத்துக் கொடுக்கும் வேலையை ஏற்கலாமா என்று சில நெசவாளர் சங்கங்கள் நம்மிடம் வினவியுள்ளன. விடை கூறுமுன், குடைத்துணி எதனால் கெடுகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

முதற் பகை வெயில். சூரிய ஒளியிலுள்ள புறஊதாக் கதிர்கள் சாயத்தை வெளுக்கச் செய்வதோடு நில்லாமல், நூலின் உள்ளமைப்பையே சிறுகச் சிறுக அறுத்து வலிமையைக் குறைத்துவிடுகின்றன. பஞ்சு நூலும் இதற்கு விலக்கல்ல. நைலான் இன்னும் விரைவில் நலிவடைகிறது. பாலியெஸ்டர் ஓரளவு தாங்கும். அக்ரிலிக் இழையே வெயிலை நெடுநாள் எதிர்த்து நிற்பது. 1961-இல் அமெரிக்காவின் கிளென் ரேவன் நூற்பாலை, சன்பிரெல்லா என்ற பெயரில் அக்ரிலிக் நூலாலான பந்தல்துணியை விற்பனைக்குக் கொணர்ந்தது. இழை உருவாகும்போதே அதனுள் நிறத்தைச் சேர்த்துவிடும் முறை பின்னர் இவ்வகைத் துணிக்குப் பெயர் வாங்கித் தந்தது. நெய்தபின் தோய்த்த சாயம் மேற்பரப்பில் மிகுதியாகத் தங்குவது; இதுவோ முள்ளங்கிக்குச் சிவப்புத் தோல் இருப்பது போலன்றிக் காரட்டுக்கு உள்ளும் புறமும் ஒரே நிறம் இருப்பது போன்றது. இன்றும் உயர்ந்த விலைத் தோட்டக்குடைகள் இத்தகைய துணியால் ஆனவை. சந்தையில் நாம் காணும் குடைகள் பெரும்பாலும் பாலியெஸ்டர்.

மடக்கிய குடையை வெயிலில் நிறுத்தினால் ஒரு வேடிக்கையான விளைவு உண்டாகும். வெளிப்புறம் தெரியும் மடிப்புகள் மட்டும் வெளுத்து, உள்மடிப்புகள் பழைய நிறத்திலேயே இருக்கும். சில மாதங்கள் கழித்துக் குடையை விரித்தால், யாரும் நெய்யாத கோடுகள் உச்சியிலிருந்து விளிம்புவரை ஓடக் காணலாம். இக்கோடுகள் அழகைக் கெடுப்பது சிறு செய்தி. கிழிசல் முதலில் தோன்றும் இடமும் பெரும்பாலும் அதுவே என்பதுதான் பெரிது. உறையின் முதல் வேலை இந்த மடிப்புகளுக்கு நிழல் தருவது. குடைக்கு நிழல் வேண்டுமா என்று நகைப்பார் நகைக்கட்டும்.

இரண்டாம் பகை ஈரம். இதைப்பற்றி நெசவாளருக்கு நாம் புதிதாகச் சொல்ல வேண்டுவது குறைவு. உலர்ந்த பஞ்சு நூறு பங்குக்கு 8½ பங்கு ஈரம் ஏற்கும் என்பது நூல் வாணிபத்தில் ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு. பாலியெஸ்டருக்கு அக்கணக்கு 0.4 பங்குதான். பஞ்சு ஈரத்தை விரும்பி ஏற்பது. ஏற்றதை எளிதில் விடாதது. அதன் இழையே பூஞ்சணத்துக்கு உணவாகவும் அமைந்துவிடுகிறது. ஐப்பசி மழையில் கஞ்சி தோய்ந்த பாவைச் சுருட்டி வைத்தால் என்ன ஆகும் என்பதைத் தறி வைத்திருப்போர் அனைவரும் அறிவர். பூஞ்சணத்தைத் தடுக்க ஆலைகளில் கஞ்சியோடு துத்தநாகக் குளோரைடு சேர்த்து வந்ததும் இதன் பொருட்டே. ஆதலால் கஞ்சி போக்காத கோராத்துணியில் குடை உறை தைப்பது, உறையோடு பூஞ்சண விதையையும் சேர்த்து விற்பதற்கு ஒப்பாகும்.

பாலியெஸ்டரில் பூஞ்சணம் பிடிக்காது என்று வியாபாரிகள் கூறுவர். இழையைப் பூஞ்சணம் தின்பதில்லை என்ற அளவில் அது சரி. ஆனால் அத்துணியின்மேல் படிந்த தூசி, மகரந்தம், பறவை எச்சம், மனிதர் கை எண்ணெய் ஆகியவற்றை உண்டு அது நன்றாகவே வளரும். பின்னர்க் கறை துணியின்மேல்தான் நிற்கும். மலைப்பகுதிகளில் மழை வேண்டுவதேயில்லை. உதகையிலும் கொடைக்கானலிலும் பனிமூட்டம் ஒன்றே மடக்கிய குடையை நாட்கணக்கில் ஈரமாக வைத்திருக்கப் போதுமானது.

சங்கமொன்றின் ஆண்டு இருப்புச் சரிபார்ப்பின்போது நாம் நேரில் கண்டதை இங்கே கூறலாம். தீபாவளி விற்பனைக்காகச் சங்கத்தார் தமது தறிகளிலேயே நெய்த கோடிட்ட பருத்தித் துணியில் பத்துப் பெரிய குடைகள் செய்வித்திருந்தனர். பார்ப்பதற்கு மிக அழகாக இருந்தனவாம். வந்தவர் பலர் குடை விலைக்குக் கிடைக்குமா என்றுகூடக் கேட்டனராம். விற்பனையின் கடைசி நாளன்று மாலை மழை பிடித்துக்கொண்டது. பணியாளர்கள் பொறுப்புடனேயே நடந்துகொண்டனர். நனைந்த குடைகளை மடக்கி, மேலும் நனையாதபடி ஒவ்வொன்றுக்கும் பாலிதீன் உறை மாட்டி, வாயைக் கயிற்றால் இறுகக் கட்டி, கிடங்கில் சாய்த்து வைத்தனர். தை மாதத்தில் நாம் அவற்றை எண்ணுவதற்காக அவிழ்க்கச் சொன்னபோது அறை முழுவதும் வீச்சம் பரவிற்று. துணியில் கரும்புள்ளி இல்லாத சாண் அகலம் இல்லை. கம்பிகள் சேரும் இடங்களில் துரு ஏறி, அத்துரு துணியிலும் இறங்கியிருந்தது. விரிக்க முயன்றபோது இரண்டு குடைகளின் துணி கம்பி முனையில் விட்டுவிட்டது. சலவைக்குப் போட்டும் புள்ளிகள் அகலவில்லை. தளவாடப் பதிவேட்டில் பத்துக் குடைகளும் தேய்மானத்தில் எழுதித் தள்ளப்பட்டன. தறியில் அத்துணியை நெய்த அங்கத்தினர் இருவர் அன்று அலுவலகத் திண்ணையில் அமர்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தனர்.

அச்சங்கத்தார் குடைகளைத் திறந்தபடியே இரு நாட்கள் கிடங்கில் விட்டிருந்தால் ஒன்றும் நேர்ந்திராது. பாலிதீன் உறை மழையை உள்ளே விடாது. அதுபோலவே உள்ளிருக்கும் ஈரத்தை வெளியேயும் விடாது. பகல் வெப்பத்தில் துணியின் ஈரம் ஆவியாகி உறையின் உட்புறத்தை நிரப்புகிறது. இரவில் உறை குளிர்ந்ததும் ஆவி நீர்த்துளியாகி மறுபடி துணியின்மேலேயே வடிகிறது. நாள்தோறும் இது நடக்கும். வெளியில் ஒரு துளி மழையும் பெய்யாத மார்கழியிலும் அக்குடைகள் உறைக்குள் நனைந்துகொண்டேயிருந்தன.

ஆகவே நல்ல உறைக்கு இரு குணங்கள் வேண்டும்: மேலிருந்து விழும் நீரை வழித்துவிட வேண்டும், உள்ளேயுள்ள ஆவியைப் போகவிட வேண்டும். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று மாறுபட்டவை போலத் தோன்றினும், நெய்த துணி இரண்டையும் செய்ய வல்லது. பஞ்சு நூல் நனைந்தால் பருக்கும். நூல் பருத்தால் பாவுக்கும் ஊடைக்கும் இடையேயுள்ள கண்கள் அடைபடும். காய்ந்தால் மறுபடி திறக்கும். இந்த இயல்பைக் கொண்டே 1940-களில் மான்செஸ்டர் வட்டாரத்து ஷெர்லி ஆய்வு நிலையத்தார், கடலில் விழும் விமானிகளின் உடைக்காக வென்டைல் என்னும் துணியை உருவாக்கினர். அதில் மெழுகுப் பூச்சையோ ரப்பர்ப் பூச்சையோ நம்பவில்லை. நீண்ட இழைப் பஞ்சும் மிக நெருங்கிய நெசவுமே நீரைத் தடுத்தன. கைத்தறியில் அத்தனை நெருக்கம் கொண்டுவருவது எளிதன்று என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும். தத்துவம் நமக்கு உதவும். அத்துணியையே நாமும் நெய்வோம் என்ற ஆசை உதவாது.

எனவே நமது கருத்து இது. ஆண்டு முழுவதும் திறந்தவெளியில் நிற்கும் குடைக்கு, உட்புறம் பூச்சிட்ட பாலியெஸ்டர்க் கித்தானே ஏற்றது. பூச்சு ஆவியைத் தடுக்கும் குறையைக் காற்றுவழிகளால் ஈடுசெய்ய வேண்டும். இவ்வேலைக்கு நமது கைத்தறித் துணியைப் பரிந்துரைக்க இயலாது. தாழ்வாரத்தின் கீழும் மாடி முற்றத்துக் கூரையின் கீழும் நிற்கும் குடைகளுக்கும், பருவம் முடிந்து உள்ளே எடுத்து வைக்கப்படும் குடைகளுக்கும், வறண்ட மாதங்களில் மட்டும் வெளியில் நிற்பவற்றுக்கும் கெட்டி நெசவுப் பருத்தி உறையே மேலானது. தூசியும் வெயிலும் எச்சமும் அண்டாமல் காத்து, காற்றையும் போகவிடும். 10 முதல் 20 நம்பர் வரையுள்ள முறுக்கிய இரட்டை நூலில், பாவை நெருக்கமாக வைத்து, சாதா நெசவாக நெய்தால் போதும். சாயம் வெயிலுக்கு நிற்கும் வாட் சாயமாக இருத்தல் வேண்டும். மழைக்கு இவ்வுறை தாங்கும் என்று ஒரு சங்கமும் பிரசுரத்திலோ விலைப்பட்டியலிலோ அச்சிடலாகாது. ஒரு பருவமழையில் அந்தப் பேச்சு பொய்த்துப்போகும். அதன்பின் அச்சங்கத்தின் போர்வையைக்கூட வாங்குவோர் இருமுறை யோசிப்பர்.

தூறலையும் பனியையும் தாங்கும் அளவுக்குப் பருத்தித் துணியைப் பக்குவப்படுத்த ஒரு பழைய முறை உண்டு. எட்டு லிட்டர் வெந்நீரில் அரைக் கிலோ சாதாரணத் துணிசோப்பைச் சீவிக் கரைக்க வேண்டும். இக்காலச் சலவைத்தூள் இதற்கு ஆகாது. எண்ணெயும் காரமும் சேர்த்துக் காய்ச்சிய சோப்பாகவே இருக்க வேண்டும். கஞ்சி போக்கிய துணியை அதில் நன்கு ஊறவைத்துப் பிழிந்து உலர்த்தி, பிறகு வேறு எட்டு லிட்டர் நீரில் கால் கிலோ படிகாரம் கரைத்து அதில் முக்கி எடுத்து உலர்த்த வேண்டும். சோப்பும் படிகாரமும் நூலினுள் சேர்ந்து நீரில் கரையாத அலுமினியச் சோப்பாக மாறுகின்றன. அதன்மேல் விழும் துளி ஊறாமல் உருண்டோடும். கண்கள் அடைபடாததால் காற்றும் போகும். நெடுமழைக்கு இது நில்லாது. சில சலவைகளில் குறைந்துபோகும், மறுபடி செய்துகொள்ளலாம். செலவு அற்பம் என்பதால் எந்தச் சங்கமும் ஒரு முழத் துணியில் பரீட்சித்துப் பார்க்கலாம்.

இனி வெட்டும் முறை. மடக்கிக் கட்டிய குடை நிமிர்த்தி வைத்த வாழைப்பூவைப் போன்றது. உச்சியில் குறுகி, கம்பி முனைகள் தொங்கும் அடிப்பாகத்தில் பருத்திருக்கும். உறையும் அவ்வாறே அமைய வேண்டும். மேலும் கீழும் ஒரே அகலமான நேர்ப்பை தைத்தால் உச்சியில் துணி தொய்ந்து குழிந்து, அக்குழியில் நீர் நிற்கும். 2.7 மீட்டர் விட்டமுள்ள குடையை எடுத்துக்கொள்வோம். அதன் கம்பி நீளம் 1.35 மீட்டர். கம்பி முனைகளுக்குக் கீழே ஒரு சாண் இறங்க வேண்டுமாகையால் உறையின் நீளம் ஏறக்குறைய 1.55 மீட்டர், மடிப்புக்கும் உச்சித் தையலுக்கும் சேர்த்து 1.65 மீட்டர் வெட்ட வேண்டும். உச்சியில் 20 செ.மீ., அடியில் 35 செ.மீ. அகலமுள்ள இரு துண்டுகள் ஓர் உறைக்குப் போதும். எனினும் குடைத்துணியின் கனத்துக்கேற்ப அடிச்சுற்றளவு மாறும் என்பதால், கட்டிய குடையை நாடாவால் சுற்றி அளந்து நான்கு விரற்கடை கூட்டிக்கொள்வதே நிச்சயமான வழி.

துண்டுகளைத் துணியின்மேல் பரப்பும் விதத்தில்தான் சங்கத்தின் லாபநஷ்டம் இருக்கிறது. 122 செ.மீ. அகலத் துணியில் எல்லாத் துண்டுகளின் அடிப்பாகமும் ஒரே பக்கம் பார்க்குமாறு வைத்தால், 1.65 மீட்டர் நீளத்தில் மூன்று துண்டுகளே கிடைக்கும். ஒன்றை நேராகவும் அடுத்ததைத் தலைகீழாகவும் வைத்தால் ஒரு ஜோடி 55 செ.மீ. அகலத்தில் அடங்கிவிடும், இரு ஜோடிகள் 110 செ.மீ. அதாவது அதே துணியில் நான்கு துண்டுகள், இரண்டு முழு உறைகள். ஓர் உறைக்கு 82½ செ.மீ. துணி என்றாகிறது. கோடிட்ட துணியாயினும் கோடு தலைகீழானால் தெரியாது. கொடியோ பூவோ உள்ள துணியில் இவ்வாறு வெட்டலாகாது.

தையலில் சில நுட்பங்கள் உண்டு. ஓரங்களை ஒன்றினுள் ஒன்று மடித்து இருமுறை தைத்தால் ஊசித் துளைகளுக்கு நேரே நீர் இறங்காது. பருத்தித் தையல்நூல் நனைந்து பருத்துத் துளையை அடைக்கும் என்பது உண்மையே. ஆயினும் முதலில் மக்குவதும் அதுவே. பாலியெஸ்டர் நூலே கொள்ளத்தக்கது. பக்கத் திறப்புக்கு ஜிப் வைப்பதாயின் பிளாஸ்டிக் ஜிப்பே வேண்டும். உலோக ஜிப் ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்துப் பல் கடித்துக்கொள்ளும். கீழ்வாயில் சுருக்கு நாடா கோக்க வேண்டும். அதைக் காம்பைச் சுற்றிக் காற்றில் பறவாத அளவுக்குத் தளர்வாகக் கட்டுவதன்றி இறுக்கி மூடலாகாது. உச்சிக்கு ஒரு சாண் கீழே இருபுறமும் இரு சிறு துளைகள் விட்டு, மேலே தாழ்வாரம்போல ஒரு துணிமடல் தைக்க வேண்டும். கீழ்வாய் வழியே காற்று நுழைந்து, வெம்மையும் ஈரமும் ஏறிய காற்று இத்துளைகள் வழியே வெளியேறும். துளைக்குக் கொசுவலைத் துணி போட மறந்தால் அடுத்த மாதமே குளவி குடியேறிவிடும். குடை உயரமாயின் உறைக்குள் ஒரு மெல்லிய மூங்கிற்கழியைச் செருகும் பை வைத்துத் தைத்தால், நாற்காலிமேல் ஏறாமலே தரையில் நின்று உறையை உச்சிக்கு உயர்த்தி மாட்டலாம். வீட்டுப் பெண்டிரும் முதியோரும் இதைப் பெரிதும் பாராட்டுவர்.

உபயோகிப்போர் கவனிக்க வேண்டியவை சிலவே. நனைந்த குடையை விரித்தபடியே உலரவிட வேண்டும்; கையால் தொட்டால் போதாது, கம்பிகள் சேரும் உச்சியின் உட்புறத்தில் விரல் வைத்துப் பார்க்க வேண்டும், அவ்விடமே கடைசியில் காய்வது. தூசியை மென்மையான துடைப்பத்தால் தட்டி, மடிப்புகளைக் கம்பிகளுக்கிடையே வெளியே இழுத்து ஒரே பக்கமாகச் சுற்றிக் கட்டிய பின்னரே உறை மாட்ட வேண்டும். மழைக்காலத்தில் வெயில் தலைகாட்டும் நாளில் உறையை நீக்கிக் குடையை ஒரு மணி நேரம் விரித்து வைத்தல் நன்று. உறை தரும் மற்றோர் அனுகூலத்தைப் பலர் எண்ணுவதில்லை: கட்டு அவிழ்ந்த குடையைப் புயற்காற்று உப்பச் செய்து கம்பியை முறிக்கும், உறையிட்ட குடைக்கு அந்த அபாயம் குறைவு.

சந்தைக் குடைக்காரர் பலர் தார்ப்பாய்த் துண்டு ஒன்றைச் சுற்றிக் கட்டுகின்றனர். மேலை நாட்டுக் கப்பலோட்டிகள் தார் பூசிய துணியால் சரக்கை மூடியதிலிருந்து வந்த சொல் அது. தமிழில் பாய் என்பதும் சேர்ந்துகொண்டு நம்மூர்ச் சொல்லே போலாகிவிட்டது. சரக்கு மூட வந்த அத்துணி, காற்று விடும் நோக்கில் அமைந்ததன்று. அதைச் சுற்றுவோர் அடியிலும் உச்சியிலும் இரு விரல் இடைவெளி விட்டாலே பாதித் தீங்கு குறையும்.

உறை வேலையை ஏற்கும் சங்கங்கள் கணக்கிலும் ஒரு செய்தியைக் கருத வேண்டும். சுங்கத் தீர்வை அட்டவணையில் தோட்டக்குடை 66-ஆம் அத்தியாயத்தில் 6601 என்ற தலைப்பில் வருகிறது. ஆனால் குடை உறைகளை அவ்வத்தியாயத்துக் குறிப்பு வெளிப்படையாக விலக்கியிருக்கிறது. குடையுடன் சேர்த்தே அனுப்பினாலும், குடைமேல் மாட்டப்படாதவரை அது தனிப் பண்டமே. துணியால் தைத்த உறை 63-ஆம் அத்தியாயத்து ஆயத்தத் துணிப்பொருள்களைச் சேர்ந்தது. பட்டியலில் ‘குடை உதிரிபாகம்’ என்று எழுதினால் பின்னர் வரி அலுவலகத்துக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருக்க நேரும்.

பெரிய ஆர்டர் ஏற்குமுன் நான்கு உறைகள் தைத்து, இரண்டைத் தாழ்வாரத்திலும் இரண்டைத் திறந்தவெளியிலும் குடைகளின்மேல் மாட்டி, ஐப்பசி, கார்த்திகை இரு மாதங்கள் விட்டுவைத்துப் பார்ப்பது உசிதம். உறைக்குள்ளிருக்கும் குடைத்துணியின் நிலையை வாரந்தோறும் குறித்து வைத்தால், வாங்குவோரிடம் காட்ட அதைவிட நல்ல சாட்சியம் வேறில்லை. அடக்கவிலை காணும்போது துணி, நூல், ஜிப், நாடா, வலைத்துணி, தையற்கூலி, வெட்டுக்கழிவு ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே எழுதி, அத்தொகையை நிர்வாகக் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் பதிந்த பின்னரே முன்பணம் பெறுதல் முறை.